லிவாடியில் மூன்றாம் நாள் காலை

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன், வயது 44. பாய்மரப் படகு ஓட்டும் உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. போன ஜூலைக் கடைசியில் கிரேக்கத்தின் லாவ்ரியோவில் 40 அடிப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (14, 11), மச்சான். ஞாயிறு கித்னோஸ், திங்கள் செரிஃபோஸ், செவ்வாய் மிலோஸ், பிறகு திரும்புவது என்று திட்டம். திங்கள் இரவு காற்று ஏறியது. செவ்வாயும் புதனும் செரிஃபோஸின் லிவாடி விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். வியாழன் காலை வானம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இருந்த மூன்று படகுகள் கிளம்பின. வெள்ளி மாலைக்குள் படகை ஒப்படைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் நானும் கித்னோஸுக்குக் கிளம்பினேன். இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டார்கள், முன்பாய் ஓரம் கிழிந்தது, திரும்பிவிட்டோம். கடைசியில் சனி விடியற்காலை காற்று தணிந்த பிறகு கிளம்பி, மதியம்தான் போய்ச் சேர்ந்தோம். முன்பணத்தில் பெரும்பகுதி போயிற்று. இந்த ஆகஸ்ட்டுக்கு மறுபடி படகு பதிவு செய்திருக்கிறேன். ‘பொறுமையா இருக்கப் பழகினா வர்றேன்’ என்கிறார் மனைவி. பொறுமையைப் பழக ஏதாவது வழி உண்டா?

பதில்: ‘பதறாத காரியம் சிதறாது’ என்று எழுதி இந்தப் பதிலை முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பழமொழி வியாழக்கிழமை காலையும் உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் கிளம்பினீர்கள். ஏன் என்று பார்ப்போம், அங்கேதான் விடை இருக்கிறது.

உங்கள் பொறுமை வியாழக்கிழமை போகவில்லை. சனிக்கிழமை லாவ்ரியோவில் படகின் மேசைமேல் வரைபடத்தை விரித்து, ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல் ஏழு நாளையும் நிரப்பினீர்களே, அப்போதே போய்விட்டது. மிலோஸ்வரை போய்த் திரும்பும் திட்டத்தில் காற்றுக்காக ஒதுக்கிய நாள் ஒன்றுமே இல்லை. அந்த நிலையில் புத்தரே சுக்கான் பிடித்தாலும் வியாழன் காலை நிலைகொள்ளாமல்தான் இருப்பார்.

அந்தத் திட்டத்தில் இன்னொரு பொறியும் இருந்தது. கித்னோஸ், செரிஃபோஸ், மிலோஸ் எல்லாம் அடங்கிய சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில் கோடைக்காற்று (மெல்டெமி என்பது அதன் பெயர்) வடக்கிலிருந்து அடிக்கிறது. நீங்கள் தெற்கே போனீர்கள், காற்று முதுகில். 20 நாட் காற்று (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர்) பின்னால் இருந்து தள்ள, படகு 7 நாட் வேகத்தில் ஓடினால் தளத்தில் நிற்பவருக்குத் தெரிவது 13 நாட்தான். வெயில், சுகமான காற்று, பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு. அதே 20 நாட் காற்றை எதிர்த்துத் திரும்பினால் படகின் வேகமும் சேர்ந்து பாயில் விழுவது ஏறக்குறைய 24 நாட். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 13க்கும் 24க்கும் இடையில் விசை மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. காற்று துளிகூட ஏறாதபோதே இவ்வளவு வித்தியாசம். தெற்கே போகும்போது ‘இதுதானா மெல்டெமி, பரவாயில்லையே’ என்று தோன்றுவது இதனால்தான்.

இப்போது வியாழக்கிழமைக் கணக்கைப் போடுவோம். லிவாடியிலிருந்து கித்னோஸின் லூட்ரா துறை சுமார் 20 கடல் மைல், ஏறக்குறைய நேர் வடக்கு. காற்று வரும் திசையும் அதுவே. பாய்மரப் படகு காற்றின் கண்ணுக்குள் போகாது. கட்டையான அலையில், வாடகைப் படகின் தேய்ந்த பாய்களோடு, காற்றுக்கு 55 பாகை விலகித்தான் போக முடியும். இடமும் வலமுமாக மடங்கி மடங்கி ஏறினால் 20 மைல் 35 மைல் ஆகிறது. அலையில் முட்டி முட்டிச் சராசரி 5 நாட் வந்தால் 7 மணி நேரம். 11 வயதுப் பிள்ளைக்கு அது 7 மணி நேர வாந்தி. மறுநாள் லாவ்ரியோவுக்கு இன்னும் 25 மைல். இந்த எண்களைப் புதன் இரவு ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருந்தால், மறுநாள் காலை பொறுமை என்ற பேச்சே வந்திருக்காது. கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

பளிச்சென்ற வானம் உங்களை ஏமாற்றியதில் வியப்பில்லை. நம் கண் பழகியது வேறு வானம். கறுத்த மேகம், மின்னல், மழை வந்தால் புயல், வெளுத்தால் தெளிந்தது. மெல்டெமி அப்படி வருவதில்லை. பால்கன் பகுதியில் நிற்கும் உயர் அழுத்தத்துக்கும், வெயிலில் காய்ந்த துருக்கி நிலப்பரப்பில் உருவாகும் தாழ்வழுத்தத்துக்கும் இடையே ஏஜியன் கடல் ஒரு குழாய்போலச் சிக்கிக்கொள்கிறது. வடக்கிலிருந்து வருவது உலர்ந்த காற்று, அதனால் மேகமும் இல்லை, மழையும் இல்லை. காற்று ஏற ஏற வானம் இன்னும் துலங்கும், தூரத்துத் தீவுகள் பக்கத்தில் வந்து நிற்பதுபோலத் தெரியும். அழுத்தமானியும் விழாது. பல நேரம் ஏறவே செய்யும். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும்தான் இதன் உச்சம். ஒரு முறை பிடித்தால் இரண்டு மூன்று நாள் சாதாரணம், ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதும் உண்டு. மெலிந்த மெல்டெமி இரவில் கொஞ்சம் தூங்கும். வலுத்தது தூங்காது. எனவே பளிச்சென்ற வானத்தை நல்ல சகுனமாக எடுக்காதீர்கள். தீவின் மலையுச்சியில் தொப்பி வைத்ததுபோல மேகம் ஒட்டிக்கொண்டு நின்றால் மேலே காற்று வலுவாக ஓடுகிறது என்று பொருள். வானம் லேசாக மங்கி, தூரம் புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பிப்பதுதான் பெரும்பாலும் தணிவின் முதல் அடையாளம்.

துறைக்குள் இருந்துகொண்டு வெளியே எப்படி என்று தீர்மானிப்பதும் கடினம். லிவாடி தெற்கே திறந்த விரிகுடா. வடகாற்று மலையைத் தாண்டிப் பள்ளத்தில் சரிந்து, திடீர் திடீரென்று அறைந்துவிட்டு அடங்கும். அறையும்போது வெளியே இருப்பதைவிட மோசமாகத் தோன்றும், அடங்கும்போது குளம்போலத் தோன்றும். அலை எழும்ப இடமில்லாததால் தண்ணீரும் பொய் சொல்லும். இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பைனாகுலரில் தொடுவானத்தைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் சரி, ரம்பப் பல்போலக் குத்திக் குத்தி அசைந்தால் வெளியே பெரிய அலை. இரண்டு, பஸ் ஏறி மேலே ஹோராவுக்குப் போங்கள். லிவாடிக்கு நேர் மேலே மலையில் இருக்கும் அந்த வெள்ளை ஊரின் உச்சியில் நின்றால் திறந்த கடல் தெரியும். நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் 15 நாட் அளவு. எங்கும் வெள்ளையாக இருந்தால் 22க்கு மேல். நுரை காற்றின் திசையில் கோடு கோடாக இழுபட்டிருந்தால் 28ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஹோராவிலேயே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.

பக்கத்துப் படகுகள் கிளம்பின என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திசையில் போயின என்று எழுதவில்லை. என் ஊகம், மூன்றும் தெற்கே போயிருக்கும். உங்களுக்கு எதிரியாக இருந்த காற்று அவர்களுக்கு என்ஜின். மச்சான்மார் வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வி, ‘ஃபெர்ரி போகுதே, நாம ஏன் போகக் கூடாது?’ என்பது. ஃபெர்ரி நூறு மீட்டர் நீளமுள்ள இரும்பு. அதுவே நிறுத்தப்பட்டால் மிகவும் மோசம் என்று தெரிந்துகொள்ளலாம். அது ஓடுகிறது என்பதிலிருந்து 12 மீட்டர்ப் படகுக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

இனி, காத்திருக்கும் நாள்களை எப்படிக் கழிப்பது என்பதற்கு வருகிறேன்.

காத்திருப்பு ஏன் வலிக்கிறது? ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுப்பதால். காலை ஆறு மணிக்கு ஃபோனைத் திறந்து பார்க்கிறீர்கள், மனம் போ என்கிறது. ஏழு மணிக்கு ஒரு அறை விழுகிறது, வேண்டாம் என்கிறது. எட்டு மணிக்கு அடங்குகிறது, மறுபடி போ. மூன்றாம் நாள் காலைக்குள் நூறு முறை தீர்மானித்துக் களைத்துப்போன மனம், இந்தத் தொல்லை தீர்ந்தால் போதும் என்றே கிளம்பிவிடுகிறது. வானிலைக் கணினி மாதிரிகள் நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறைதான் புதிதாக ஓடுகின்றன. நடுவில் இருபது முறை பார்த்தாலும் பழைய எண்களே. ஆகவே முடிவெடுக்கும் நேரம் நாளுக்கு இரண்டு: மாலை 7 மணி, விடிகாலை 5 மணி. மாலையில் ‘நாளைக்கு வாய்ப்பு உண்டா’ என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் காலை 5 மணிக்கு எழவே வேண்டாம், தூங்குங்கள். உண்டென்றால் 5 மணிக்கு எழுந்து உறுதி செய்யுங்கள். இந்த இரண்டு நேரத்துக்கு நடுவே வானிலைச் செயலியைத் திறப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. பிள்ளைகள் ‘எப்பப்பா போவோம்?’ என்றால் ‘நாளைக்குப் போயிடலாம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கே மறுநாள் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். ‘ஏழு மணிக்குப் பார்ப்போம்’ என்பது போதும். அது காப்பாற்றக்கூடிய வாக்கு.

முடிவெடுக்க எல்லைகள் வேண்டும். அவை கிளம்புவதற்கு முன்பே, லாவ்ரியோவிலேயே, மை கொண்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் ஓரளவு பழகியவர்கள், ஒருவர் புதியவர், இரண்டு பிள்ளைகள் என்ற உங்கள் கணக்குக்கு நான் போடும் எல்லை இது: காற்றை எதிர்த்துப் போகும் பாதைக்கு முன்னறிவிப்பின் சராசரி 18 நாட். பக்கவாட்டில் அடித்தால் 22. முதுகில் என்றால் 25. முன்னறிவிப்பு சொல்வது சராசரிதான், வீச்சு (திடீரென்று அறையும் காற்று) அதைவிட 40 சதவீதம்வரை எகிறலாம். 18 என்று எழுதியிருந்தால் 25ஐச் சந்திக்கத் தயாராக இருங்கள். தீவுகளுக்கு இடையிலான கால்வாய்களில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். எவியாவுக்கும் ஆந்த்ரோஸுக்கும் இடையிலான நீரிணை இதற்குப் பேர்போனது. கடலைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரிகள் இதைப் பிடிப்பதில்லை, அங்கெல்லாம் 5 முதல் 10 நாட் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியை நம்பாதீர்கள். ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒத்துப்போக வேண்டும், கிரேக்க வானிலைச் சேவையின் கடல் அறிவிப்பும் தடுக்கக் கூடாது. படகின் வி.எச்.எஃப். வானொலியில், கிரேக்கக் கடலோர வானொலி நிலையமான ஒலிம்பியா ரேடியோ நாளுக்கு நான்கு முறை அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலும் வாசிக்கிறது. ஃபோன் சிக்னல் இல்லாத மூலையில் அதுதான் துணை. காற்று எல்லைக்குள் இருக்கும் என்று முன்னறிவிப்பு காட்டும் இடைவெளி உங்கள் பயண நேரத்தைவிட நான்கு மணி நேரமாவது கூடுதலாக இருக்கட்டும். 7 மணி நேரப் பயணத்துக்கு 7 மணி நேர இடைவெளி என்பது தாமதத்துக்கு இடமில்லாத இடைவெளி.

யார் முடிவெடுப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். போகலாம் என்பதற்கு மூன்று பெரியவர்களும் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்பதற்கு ஒருவர் போதும், அவர் காரணம் சொல்ல வேண்டியதுகூட இல்லை. வீம்புக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு இது.

நங்கூரத்தின்மேல் நம்பிக்கை இல்லாதவருக்கு எந்த அறிவுரையும் பயன்படாது. இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர் காலையில் எங்காவது போய்விடத்தான் பார்ப்பார். எனவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் ஆழம் 5 மீட்டர், படகின் முனை நீர்மட்டத்துக்கு மேல் 1.5 மீட்டர், ஆக 6.5. மெல்டெமிக்கு ஏழு மடங்கு சங்கிலி, 45 மீட்டர். வாடகைப் படகில் எவ்வளவு சங்கிலி இருக்கிறது என்று படகை உங்களிடம் ஒப்படைக்கும்போதே கேளுங்கள். குறியடையாளங்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும், கேபிள் டை கட்டிப் பத்து மீட்டருக்கு ஒன்றாக நீங்களே வைத்துக்கொள்ளலாம். அடியில் கரும்பச்சையாகத் தெரிவது கடற்புல், நங்கூரம் அதில் பற்றாது, வழுக்கும். அந்தப் புல் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதும்கூட. வெளிர் நிறத் திட்டு மணல், அதில் போடுங்கள். போட்டதும் படகைக் காற்று பின்னே தள்ள விட்டு, சங்கிலி முழுதும் படிந்தபின் என்ஜினைப் பின்னோக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம், பிறகு 2,000இல் அரை நிமிடம் ஓட்டுங்கள். கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் அதன் பின்னால் ஒரு வீட்டு மூலையையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு நகர்ந்தால் நங்கூரம் உழுகிறது, எடுத்து மறுபடி போடுங்கள். ஆகஸ்ட்டில் தண்ணீர் 24, 25 பாகை இருக்கும், கண்ணாடி மாட்டிக் குதித்து நேரில் பார்த்துவிடலாம். நங்கூரத்தின் கொழு (மண்ணில் குத்தும் முனை) மணலுக்குள் மறைந்து தண்டு மட்டும் தெரிந்தால் அன்றிரவு தூக்கம் நிச்சயம்.

சங்கிலியின் இழுப்பை நங்கூர மோட்டாரில் விடாதீர்கள். 14 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஒன்றைப் பத்து மீட்டர் அளவில் சங்கிலியில் மாட்டி, படகின் முனைக் கட்டையில் கட்டி, சங்கிலியைத் தளர்த்திவிடுங்கள். நைலான் ரப்பர்போல நீண்டு அதிர்ச்சியை உறிஞ்சும், படகு வெட்டி வெட்டி இழுப்பதும் இரவுச் சத்தமும் குறையும். கயிறு விளிம்பில் உராயும் இடத்தில் பழைய துணியைச் சுற்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் விட்டுக் கொடுத்து உராயும் புள்ளியை மாற்றுங்கள். நங்கூர எச்சரிக்கைச் செயலியில், நங்கூரம் விழுந்த இடத்தை மையமாக வைத்து 60 மீட்டர் வட்டம் போதும் (சங்கிலி 45, படகு 12, மிச்சம் ஜி.பி.எஸ். பிழைக்கு).

பகலில் என்ன செய்வது? கடலுக்குப் போக முடியாத நாளில் நம் ஊர்க் கரைகளில் வலை பொத்துவார்கள். அதைப் பொறுமை என்று யாரும் பாராட்டுவதில்லை, அது அன்றைய வேலை. படகிலும் பொத்த வேண்டிய வலை நிறைய உண்டு.

முதலில் என்ஜின். ஆடாத துறையில் ஒழுங்காக ஓடும் என்ஜின், அலையில் போய் நின்றுவிடும். டீசல் தொட்டியின் அடியில் படிந்திருந்த கசடும் தண்ணீரும் குலுங்கி எழுந்து வடிகட்டியை அடைப்பதே காரணம். அதாவது எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் நிற்கும். வடிகட்டியின் கீழே கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்குத் தெரிந்தால் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். மாற்று வடிகட்டி எங்கே இருக்கிறது, மாற்றியபின் காற்றை வெளியேற்றும் திருகு எது என்று பார்த்துவையுங்கள். கடல்தண்ணீர் உள்ளே வரும் வடிகட்டியில் சேர்ந்த புல்லை எடுங்கள். பெரிய பிள்ளையிடம் இந்தப் பொறுப்பை முழுதாகக் கொடுக்கலாம், 14 வயதுக்குச் சரியான வேலை.

பிறகு தண்ணீர்க் கணக்கு. ஐந்து பேர் சிக்கனமாக ஆளுக்கு 20 லிட்டர் என்றாலும் நாளுக்கு 100. தொட்டி 350 லிட்டர் என்றால் மூன்றரை நாள். குளிர்பெட்டி ஒரு நாளில் மின்கலத்திலிருந்து 50, 60 ஆம்பியர்-மணி தின்னும், தினமும் ஒன்றரை இரண்டு மணி நேரம் என்ஜின் ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சிறிய பிள்ளை காலையும் மாலையும் அளவு பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும். ‘இன்னும் எத்தனை நாள் தாங்கும்’ என்ற எண் கண்ணெதிரே இருந்தால், காத்திருக்கும் பயத்தில் பாதி போய்விடும்.

இப்போது கிழிந்த பாய். அது தற்செயல் இல்லை. நீங்கள் முன்பாயைப் பாதி சுருட்டியிருப்பீர்கள், ஆனால் அதன் கயிறு போகும் கப்பியைத் தண்டவாளத்தில் முன்னே நகர்த்தியிருக்க மாட்டீர்கள். பாய் சுருங்கச் சுருங்க அதன் பின்மூலை முன்னேயும் மேலேயும் போகிறது. கப்பி பழைய இடத்திலேயே இருந்தால் கயிறு பாயின் அடியை மட்டும் இழுக்கும், பின்னோரம் தளர்ந்து படபடக்கும். போதாக்குறைக்கு, அலையில் வேகம் குறைந்த படகைத் திருப்பும்போது அது காற்றின் கண்ணிலேயே நின்றுவிடும், அரை நிமிடம் பாய் துணி உதறுவதுபோல உதறும். வெயிலில் இற்ற தையல் அதில்தான் விடும். காத்திருக்கும் நாளில் கப்பியை நகர்த்தும் பொத்தான் எது என்று பாருங்கள், உப்பில் இறுகியிருக்கும், நல்ல தண்ணீர் ஊற்றி இளக்குங்கள். பெரிய பாயை இரண்டாம் மடிப்புக்குச் சுருக்கும் வரிசையை மூவரும் வாய்ப்பாடாகச் சொல்லிப் பாருங்கள்: பாயைத் தூக்கும் கயிற்றைக் குறிவரை இறக்கு, முன் வளையத்தைக் கொக்கியில் மாட்டு, பாயைத் தூக்கும் கயிற்றை மறுபடி இறுக்கு, பின் மடிப்புக் கயிற்றை இழு. நங்கூரத்தில் கிடக்கும்போது வீச்சுக் காற்றில் நிஜமாகப் பாயை ஏற்றிப் பழக வேண்டாம், படகு ஓடிப்போய் நங்கூரத்தைப் பிடுங்கும். அதிகாலை அமைதியில் ஒரு முறை செய்து பாருங்கள்.

இந்தக் காற்றுக்குப் பண்டைக் கிரேக்கர் வைத்த பெயருக்கே ‘ஆண்டுதோறும் வருவது’ என்று பொருள். ட்ராய் நகரத்தின்மேல் போருக்குப் போகப் படையோடு வந்த அரசன் அகமெம்னோன், அவுலிஸ் துறையில் காற்று ஒத்துவராமல் கிடந்து, பொறுமையிழந்து பெற்ற மகளையே பலி கொடுக்கத் துணிந்தான் என்கிறது புராணம். அவனுடைய ஆயிரம் கப்பல்களுக்கும் திரும்ப ஒப்படைக்கும் கெடு இருந்திருக்கும்போல.

கெடு என்றதும் பணம். உங்கள் வியாழன் பதற்றத்தின் வேர் அதுதான். ஒப்பந்தத்தை இப்போதே எடுத்து, ஒரு நாள் தாமதத்துக்கு என்ன அபராதம், எந்தக் காற்றுக்கு மேல் கிளம்பக் கூடாது என்று நிறுவனம் சொல்கிறது என்ற இரண்டையும் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் இரண்டாவது எல்லையும் எழுதப்பட்டிருக்கும், அதை மீறிக் கிளம்பி சேதமானால் காப்பீடும் சிக்கலாகும். மோசமான முன்னறிவிப்பு தெரிந்தவுடன், புதன்கிழமையே, நிறுவனத்துக்குப் பேசுங்கள். புதனன்று பேசினால் அவர்களும் யோசிப்பார்கள்: ஒரு நாள் நீட்டிப்பு, ஒரு மாலுமியை அனுப்புவது, படகைச் செரிஃபோஸிலேயே வாங்கிக்கொள்வது. வெள்ளி மாலை பேசினால் அவர்களிடம் கோபம் மட்டும்தான் மிச்சமிருக்கும். குடும்பத்தை ஃபெர்ரியில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு அனுப்பிவிட்டு, நீங்களும் மச்சானும் படகோடு இருந்து, தணிந்ததும் கொண்டுவருவது நல்ல ஏற்பாடு. மூன்று பேருக்கு ஆகும் ஃபெர்ரிச் செலவு கிழிந்த பாயைத் தைக்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. விமானச் சீட்டை ஞாயிறு மாலைக்குப் போடுங்கள், சனி மதியத்துக்கு அல்ல.

ஆகஸ்ட் திட்டத்துக்கு என் ஆலோசனை: மிலோஸை மறந்துவிடுங்கள். ஏழு நாளில் இரண்டு நாள் காற்றுக்கு. புதன் இரவு எங்கே இருந்தாலும் அங்கிருந்து லாவ்ரியோ 25 மைலுக்குள் இருக்கட்டும். கேயா, கித்னோஸ் இரண்டும் அதற்குள் அடங்கும். கிளம்பும் முன்பே வாரம் முழுவதும் வலுத்த மெல்டெமி என்று தெரிந்தால் சூனியன் முனையைச் சுற்றிச் சரோனிக் வளைகுடாவுக்குள் போய்விடுங்கள். ஏஜினா, போரோஸ், ஹைட்ரா பக்கம் நிலத்தின் மறைவில் காற்று பெரும்பாலும் ஒரு படி குறைவு. சைக்ளடீஸ் பார்க்கவில்லையே என்று மச்சான் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

வீட்டிலிருந்தே பழகுவதற்கும் ஒரு பயிற்சி உண்டு, நீங்கள் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். ஜூலை முதல் தேதியிலிருந்து தினமும் மாலை 7 மணிக்கு, லிவாடியில் படகோடு இருப்பதாக வைத்துக்கொண்டு முன்னறிவிப்பைப் பாருங்கள். நாளை கித்னோஸுக்குப் போவீர்களா மாட்டீர்களா என்று ஒரு சொல்லும், காரணமாக ஒரு எண்ணும் எழுதுங்கள். மறுநாள் மாலை, ஏதென்ஸ் தேசிய வானாய்வகம் தீவுகளில் வைத்திருக்கும் வானிலை நிலையங்களின் அளவுகளை அதன் இணையதளத்தில் பார்த்து, உண்மையில் எவ்வளவு அடித்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்று வாரத்தில் இருபத்தொரு வரி. எத்தனை முறை ‘போயிருக்கலாமோ’ என்று மனம் அலைந்தது, எத்தனை முறை போயிருந்தால் மாட்டியிருப்பீர்கள், எத்தனை முறை வீணாகப் பயந்தீர்கள் என்று அந்தத் தாள் சொல்லும். மனைவியும் தனியாக ஒரு தாளில் எழுதட்டும், ஒருவருக்கொருவர் காட்டாமல். வாரக் கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீணாகப் பயந்த நாள்களையும் கவனியுங்கள். மூன்று நாள் கிடந்தவர்களுக்கு நான்காம் நாள் வரும் நோய் வேறு: எல்லைக்குள் காற்று வந்தபின்னும், இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மெல்டெமியில் நல்ல இடைவெளி சில நேரம் அரை நாள்தான். அது வந்தால் காலை 5 மணிக்கு உறுதி செய்து, வெளிச்சம் வந்ததும், ஆகஸ்ட்டில் 6 மணிவாக்கில், நங்கூரம் எடுத்துவிட வேண்டும், மதியத்துக்குள் போய்ச் சேரும்படி. வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கி, முதல் நாள் இரவே கொடுங்கள், படகு ஆடத் தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. இரண்டாம் மடிப்பு துறைக்குள்ளேயே போட்டிருக்கட்டும். அவிழ்ப்பது எளிது, வெளியே போய்ச் சுருக்குவது கடினம். இஞ்சித் தேநீரும் காய்ந்த ரொட்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அலையில் அடுப்பங்கரைக்கு யாரும் இறங்க வேண்டாம்.

திரும்பும் இடத்தையும் முன்பே குறித்துவிடுங்கள். லிவாடியிலிருந்து வடக்கே போனால், செரிஃபோஸின் கிழக்குக் கரையோரம் போகும்வரை தீவு ஓரளவு மறைக்கும். வடகிழக்கு முனையைத் தாண்டியதும் முழுக் கடலும் முகத்தில் வரும். அந்த முனைக்கு அப்பால் ஒரு மைல் தூரத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே போய் 15 நிமிடம் காற்றுமானியைப் பாருங்கள். சராசரி எழுதிய எல்லைக்கு மேல் நின்றால் திரும்புவது, விவாதம் இல்லை. லிவாடிக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம்தான், அதுவும் காற்று முதுகில். அந்தப் புள்ளியையும் எண்ணையும் வரைபடத்தில் உங்கள் மனைவி கையால் எழுதட்டும். 15 நிமிடக் கடிகாரமும் அவரிடமே இருக்கட்டும்.